உத்திரமேரூர் சபை மண்டபம்: இரண்டே ஆண்டில் திருத்தி எழுதப்பட்ட ஒரு சுவர்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் ஊருக்கு நடுவே ஒரு கருங்கல் கட்டடம் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் என்று பெயர்; ஒரு காலத்தில் ஊர்ச்சபை கூடிய மண்டபம் இது என்பார்கள். கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். உயர்ந்த அடித்தளம், அதன்மேல் அடக்கமான கற்சுவர், உள்ளே பெருமாள். சுற்றி ஒரு நடை நடந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் குனிந்து பார்க்க ஆரம்பித்தால் அரை நாள் போதாது. கல் வரிசை முழுக்க எழுத்து. ஒரு விரல் வைக்க இடமில்லாமல் பத்தாம் நூற்றாண்டுத் தமிழும் இடையிடையே வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் ஓடுகின்றன.

அந்த எழுத்துகளில் இரண்டு சாசனங்கள் உலகப் பிரசித்தம். முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் ஒன்று, பதினான்காம் ஆண்டில் மற்றொன்று. நம் கணக்கில் 919, 921. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி ஆள் எடுக்கும் குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அதன் மூல ஆவணங்கள் இவைதான். 2020 டிசம்பர் 10 அன்று தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டார். அதற்கு அப்புறம் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பேசுகிற எல்லோரும் கல்வெட்டைத்தான் பேசுகிறார்கள். அது எழுதப்பட்டிருக்கும் கட்டடத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வருவதில்லை.

எனக்கு உறுத்திய கேள்வி வேறு. ஒரே ஊர், ஒரே சபை, ஒரே விஷயம். இரண்டு ஆண்டு இடைவெளியில் எதற்கு இரண்டு தீர்மானம்? அதையும் ஏன் ஓலையோடு விடாமல் இந்தக் கட்டடத்தின் கல்லில் வெட்ட வேண்டும்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது.

ஊரும் மண்டபமும்

எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்து அமைக்கப்பட்ட ஊர் இது. கல்வெட்டில் இதன் முழுப்பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். காலியூர்க் கோட்டம் என்ற அன்றைய நாட்டுப் பிரிவைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் கால ஏடுகளில் உத்தரமல்லூர் ஆகிவிட்டது. பல்லவர், சோழர் தொடங்கி விஜயநகரத்து கிருஷ்ணதேவராயர் வரை ஆள்கிற கை மாறிக்கொண்டே இருந்தது, ஒவ்வொருவர் காலத்திலும் ஏதாவது ஒரு கல்லில் ஏதாவது ஒன்று வெட்டப்பட்டது. ஊர் முழுக்க ஏறக்குறைய இருநூறு கல்வெட்டுகள்.

திட்டமிட்டுப் போட்ட ஊர் என்பது தெருக்களைப் பார்த்தாலே தெரியும். கல்வெட்டுகள் முப்பது குடும்புகளையும் பன்னிரண்டு சேரிகளையும் சொல்கின்றன. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி, சேரி என்றால் தெரு. மூன்று தள விமானத்தோடு நிற்கும் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில், கைலாசநாதர் கோயில், சுப்பிரமணியர் கோயில் எல்லாம் ஊரின் தனித்தனிப் பகுதிகளில் இருக்கின்றன. ஊருக்குக் குடிநீரும் பாசனமும் தந்த பேரேரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். வைரமேகன் என்பது தந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். இவற்றுக்கெல்லாம் நடுவில்தான் நம்முடைய மண்டபம்.

கட்டட அமைப்பை அடியிலிருந்து சொல்கிறேன். தமிழகத்துக் கற்கோயில் எதுவானாலும் அதன் பீடப் பகுதிக்கு அதிட்டானம் என்று பெயர். தரையைத் தொட்டு நிற்பது உபானம். அதன்மேல் நேராக எழும் அகலமான கல் வரிசை ஜகதி. அடுத்து வெளியே துருத்தி நிற்கும் குமுதம். அது உருண்டையாகவும் இருக்கலாம், பட்டை தீட்டியதாகவும் இருக்கலாம். அதற்கு மேல் உள்வாங்கிய கண்டம், பிறகு மீண்டும் வெளியே வரும் பட்டிகை. ஒவ்வொரு வரிசையும் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வரும். கற்களுக்கு நடுவில் காரை கிடையாது. எடையும், செதுக்கிப் பொருத்திய முகமும்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன.

சிற்பிக்கு இது அழகு. சபைக்கு இது தாள். நீளமான, தட்டையான, கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற உயரத்தில், அடுக்கடுக்காக வரி போட்ட தாள். ஜகதியும் சுவரும் நீண்ட ஆவணங்களுக்கு வாகானவை. பட்டிகை மாதிரிக் குறுகிய வரிசைகளில் ஒற்றை வரி ஓடும். எழுத்து ஒரு கல்லின் விளிம்பில் நின்றுவிடாமல் பக்கத்துக் கல்லுக்குத் தாவிப் போவதைப் பல கோயில்களில் பார்க்கலாம். கல்லை அடுக்கி முடித்த பிறகே உளி பிடித்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதாவது சுவர் முதலில் சுவராக நின்றது. எழுத்து அப்புறம் வந்தது.

மேலே பார்க்கிற எல்லாம் ஒரே காலத்தது என்று நினைத்துவிடக் கூடாது. பெருமாள் உள்ளே எழுந்தருளியதும் அதற்கேற்ப மேலே கட்டுமானம் வளர்ந்ததும் மண்டபத்தின் வாழ்க்கையில் பின்னால் வந்த அத்தியாயங்கள். ஊர்ச்சபை கூடிய மண்டபம்தான் கோயிலாக ஆனது என்பதே ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. அது எனக்கும் சரியாகவே படுகிறது. ஒரு சிறிய பெருமாள் கோயிலின் சுவரில் பூஜைக்கும் விளக்குக்கும் விட்ட தானங்கள் இருக்கும். ஊர் நிர்வாகத்தின் ஆணிவேரான இரண்டு தீர்மானங்களுக்கு அங்கே என்ன வேலை? சுந்தர வரதர் கோயில் இதைவிடப் பெரியது, அங்கே சுவருக்கும் பஞ்சமில்லை. அப்படியும் சபை இந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது. விதி எங்கே நடைமுறைக்கு வருமோ அங்கேயே அதை வெட்டி வைத்தார்கள். கூட்டத்துக்கு வருகிறவன் படியேறும்போதே அது கண்ணில் பட்டாக வேண்டும்.

முதல் தீர்மானம், 919

தஞ்சையிலிருந்து அரசன் ஆணை வருகிறது. தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி சபையோடு உட்கார்ந்திருக்கிறார். வாரியங்களுக்கு ஆண்டுதோறும் ஆள் எடுப்பது எப்படி என்று சபை முடிவு செய்கிறது. வாரியம் என்றால் குழு. வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் இருக்க வேண்டும். சொந்த மனை, வரி கட்டுகிற நிலம், படிப்பு, நல்ல நடத்தை, கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது என்பது போன்ற தகுதிகள். முப்பது குடும்பிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுப்பது. அவ்வளவுதான். ஒரு நல்ல சட்டத்தின் முதல் வரைவு என்று சொல்லலாம்.

இரண்டாம் தீர்மானம், 921

‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’யின், அதாவது மதுரையை வென்ற அதே பராந்தகனின், பதினான்காம் ஆண்டு, பதினாறாம் நாள். இந்த முறை சோழநாட்டிலிருந்து வந்து உட்காருகிறவர் சோமாசிப் பெருமான் என்று அழைக்கப்பட்ட, கரஞ்சை கொண்டய கிரமவித்த பட்டன். பழைய விதி அப்படியே இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் அடைக்கப்படுகிறது. முதல் தீர்மானத்தின் சுருக்கத்தையும் இதன் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்பது சந்தேகமில்லாமல் புலப்படும்.

வயது வரம்பு முப்பத்தைந்து முதல் எழுபது ஆகிறது. இளந்தாரிகளை ஐந்து ஆண்டு தள்ளி வைத்தார்கள், பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு கூட்டிக் கொடுத்தார்கள். கால் வேலிக்கு மேல் வரி நிலம் வேண்டும், இன்றைய அளவில் ஒன்றரை ஏக்கரைச் சற்றுத் தாண்டும். அதில் பாதிதான் இருக்கிறது, ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும், அதாவது விளக்கவுரையும், சொல்லித்தரத் தெரியும் என்றால் அவரும் சேரலாம். சொத்துக்குப் பதிலாகப் படிப்பை எடைக்கு எடை வைத்த சலுகை இது.

அப்புறம் வருகிறது சாசனத்தின் இதயம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் இனி வரக் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை, பேரன்னை பிள்ளைகள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தான், தகப்பன், மகன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் பிள்ளைகள், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது. இவர்கள் யாருடைய பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் இடக் கூடாது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் இது வேடிக்கைக்காக எழுதியதல்ல. சட்டம் இயற்றுகிறவர்கள் சும்மா உட்கார்ந்து மருமகனையும் மாமன் மகனையும் கற்பனை செய்வதில்லை. யாரோ ஒருவர் கணக்குக் காட்டாமல் ஒதுங்கியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு குடத்திலிருந்து அவருடைய மச்சினன் பெயர் வந்திருக்க வேண்டும். கல்வெட்டு அதைச் சொல்லவில்லை, இது என் ஊகம்தான். ஆனால் இவ்வளவு குறிப்பான உறவுமுறைகளுக்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

பட்டியல் அதோடு நிற்கவில்லை. பஞ்சமாபாதகம் எனப்படும் ஐந்து பெரும்பாவங்களில் ஒன்றைச் செய்தவன், பிறர் பொருளைத் திருடியவன், பொய் ஆவணம் எழுதியவன், ஊருக்கு முள்ளாக இருக்கும் கிராம கண்டகன், கழுதை ஏறியவன். கடைசியாகச் சொன்னது குற்றத்துக்குத் தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டவனை.

குலுக்கல் முறையிலும் அதே எச்சரிக்கை. குடும்புவாரியாகப் பெயர் ஓலைகளைத் தனித்தனிக் கட்டாகக் கட்டி, மேலே எந்தக் குடும்பு என்று வாயோலை கட்டிக் குடத்தில் இட வேண்டும். அன்றைக்கு இளையவர் முதல் முதியவர் வரை சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். ஊரிலிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோரும் காணக் காட்டுவார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அதே சிறுவன் எடுத்து, சபையின் நடுவரான மத்தியஸ்தனிடம் தருவான்.

வாங்கிக்கொள்கிற மத்தியஸ்தன் கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூடக் கல்லில் இருக்கிறது: அஞ்சு விரலும் அகல வைத்து உள்ளங்கையிலே ஏற்க வேண்டும். விரல் இடுக்கில் இன்னொரு ஓலையைச் செருகி வைத்திருக்க வாய்ப்பே இருக்கக் கூடாது. அவர் வாசிப்பார். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிப்பார்கள். அதற்கு அப்புறம்தான் பெயர் எழுதப்படும்.

இந்தக் காட்சியை மண்டபத்தோடு சேர்த்துப் பாருங்கள். உயர்ந்த அடித்தளத்தின் மேல் நின்று ஒரு முதியவர் குடத்தைத் தூக்கிக் காட்டினால் கீழே நிற்கிறவனுக்கும் தெரியும். சபை ‘எல்லோரும் காண’ என்று எழுதிய விதிக்கு ஏற்ற மேடை இது. ஊர் நடுவே, மேடான இடத்தில் இப்படி ஒரு கட்டடம் இல்லாவிட்டால் அந்த விதி ஓலையோடு நின்றிருக்கும்.

முப்பது குடும்பிலிருந்தும் முப்பது பேர். அவர்களில் முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்து அனுபவப்பட்டவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகிய பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு. அடுத்த பன்னிரண்டு பேர் தோட்ட வாரியத்துக்கு. மிச்சம் ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் 360 நாள், நடுவில் குற்றம் கண்டால் அப்போதே வெளியே. பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்ற வேறு இரண்டு குழுக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஆறு பேர் வேறொரு குடவோலையில். கணக்கு எழுதுகிறவர் நேர்வழியில் பொருள் ஈட்டியவராக இருக்க வேண்டும். தன் கணக்கைத் தானே முடித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே அடுத்த கணக்கைத் தொடலாம். அவர் கணக்கை முடிக்க வேறு கணக்கனை அழைத்து வரக் கூடாது. இந்த விதியை எந்தத் தணிக்கை அலுவலகமும் இன்றைக்கும் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

பெருமையின் அளவு

‘உலகின் முதல் தேர்தல்’, ‘ஜனநாயகத்தின் தாய்’ என்றெல்லாம் அடித்துவிடுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இது வாக்கு எண்ணிய தேர்தல் அல்ல, சீட்டுக் குலுக்கல். குடத்தில் பெயர் விழவே நிலமும் மனையும் வேதப் படிப்பும் வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரான பிரமதேயத்தின் பிராமணச் சபை. ஏரியில் தூர் வாரியவர்கள், நிலத்தில் உழுதவர்கள், இந்தக் கல்லையே உடைத்துச் செதுக்கியவர்கள், வீட்டுப் பெண்கள் ஒருவர் பெயரும் அந்த ஓலைகளில் கிடையாது. அரசனின் ஆணையும் அவன் அனுப்பிய அதிகாரியும் கூட்டத்தில் இருந்ததையும் மறந்துவிடக் கூடாது.

முதல் என்பதும் சரியில்லை. அகநானூற்றின் 77-ஆம் பாட்டிலேயே கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலையை எடுத்துப் பார்க்கும் ஆவண மாக்கள், அதாவது ஆவணங்களைக் கையாள்கிறவர்கள், வருகிறார்கள். திருநெல்வேலிக்கு அருகே மானூரில், சுமார் 800-ஆம் ஆண்டு பாண்டியர் கல்வெட்டு ஒன்று சபை உறுப்பினர் தகுதிகளை விவரிக்கிறது. எதைச் சொன்னாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருக்கிறவனுக்கு ஐந்து காசு அபராதம் என்றும் அதில் விதி உண்டு. கூட்டம் நடத்திய அனுபவம் உள்ள எவரும் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

ஆக, உத்திரமேரூரின் பெருமை முதலில் செய்தது என்பதில் இல்லை. அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்களுக்கே, தங்கள் மச்சினனுக்கும் மருமகனுக்குமே விலங்கு மாட்டி, அதைத் தாங்கள் கூடும் கட்டடத்தின் வெளிச்சுவரில் வெட்டி வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

கல் எப்படித் தப்பியது

ஓலையில் இருந்த கணக்குகள் ஒன்றும் மிஞ்சவில்லை. சபையும் இல்லை. மண்டபம் மட்டும் நிற்கிறது. உள்ளே பெருமாள் வந்ததுதான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். பயனில்லாத கட்டடத்தின் கல் நம் ஊர்களில் மதகுக்கும் படித்துறைக்கும் போய்விடும். சாமி குடியேறிய கட்டடத்தில் யாரும் கை வைப்பதில்லை.

ஆனால் கோயிலானதில் வேறு ஆபத்து உண்டு, அது திருப்பணி. இங்கே என்றில்லை, பல ஊர்களில் பார்த்த கதை: சுவரைப் பிரித்து மறுபடி அடுக்கும்போது கற்கள் இடம் மாறி, ஒரு வாக்கியத்தின் தலை கிழக்கிலும் வால் மேற்கிலும் போய்விடும். சுண்ணாம்பு அடித்து எழுத்தை மூடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க மணலை அழுத்தத்தில் பீய்ச்சுவார்கள்; பிசுக்கோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். சோழர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். திருமழபாடி விமானத்தை எடுத்துக் கட்ட ராஜராஜன் உத்தரவிட்டபோது, இடிப்பதற்கு முன் அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச்சுவரில் மறுபடி வெட்டப்பட்டன.

உத்திரமேரூரின் எழுத்துகள் 1898-இல் அரசுக் கல்வெட்டுத் துறையால் படியெடுக்கப்பட்டன. படியெடுப்பது ஒன்றும் பெரிய இயந்திர வேலை அல்ல. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். பிறகு மை தோய்ந்த பொதியால் மேலே ஒற்றினால் கல்முகம் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். அந்தப் படிகளை வைத்துக் கல்வெட்டு அறிஞர் வெங்கையா இரண்டு சாசனங்களையும் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் பதிப்பித்தார். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி அவற்றை மறுபடி விரிவாக ஆராய்ந்தார். 1970-இல் ஆய்வாளர்கள் பிரான்சுவா குரோவும் நாகசாமியும் ஊர் முழுவதையுமே எடுத்து ஆய்வு வெளியிட்டார்கள்.

இன்றைக்குக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி இத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. காட்டுக்குள் இருக்கும் குடைவரைக்கு இந்த விதி சிரமமில்லை. ஊர் நடுவே வீடும் கடையும் சூழ்ந்த கட்டடத்துக்கு அது ஒவ்வொரு வீட்டு மாடியையும் தொடுகிற விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் பார்வையில் இந்த மண்டபம் பெருமையா தொந்தரவா என்று கேட்டால் உடனே பதில் வராது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நான் குறை சொல்வது வேறொன்றை. வருகிறவர் கல்வெட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார், ஒரு வரி படிக்க வழியில்லாமல். நம் மொழிதான், ஆனால் எழுத்துருவம் மாறிவிட்டது, நடுவில் கிரந்தம் வேறு. வரிக்கு வரி இன்றைய எழுத்தில் பெயர்த்து, எந்தக் கல்லில் எந்த வரி என்று காட்டும் ஒரு வரைபடம் இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட ‘சபையோம்’, அதாவது சபையினராகிய நாங்கள், என்ற சொல்லைத் தானே கண்டுபிடித்துவிடும். ஒரு முறை கண்டுபிடித்த பிள்ளை அதைத் திரும்பத் திரும்பத் தேடும். அந்தச் சொல் அங்கே அத்தனை முறை வருகிறது.

இரண்டாம் சாசனத்தின் கடைசி வரிகளில், துஷ்டர் கெட்டு விசிஷ்டர், அதாவது தீயவர் அழிந்து நல்லவர், வாழ வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாட்டைச் செய்தோம் என்று சபை சொல்லி முடிக்கிறது. அதற்குப் பிறகு, பெருமக்கள் பணித்தபடி இதை எழுதியவர் தன் பெயரைப் பதிக்கிறார்: மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி ராஜமல்லமங்கலப்பிரியன். அஞ்சு விரலும் அகல வைத்து ஓலையை ஏற்க வேண்டும் என்ற விதி மத்தியஸ்தனுக்கானது. தன் கைக்கான விதியைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே பெயரும் போட்டிருக்கிறார் அந்த மனிதர்.